இதயத்துக்கு ஸ்டெம் செல் போட வெளிநாடு கிளம்பும் முன்

மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்கோ எடுப்பது என் வேலை. டாக்டர் இல்லை, டெக்னீஷியன். நெஞ்சில் ஜெல்லைத் தடவி, புரோபை வைத்து அழுத்தி, திரையில் தெரிகிற இதயத்தை அளந்து கொடுப்பவன். கட்டிலை விட்டு இறங்கி சட்டைப் பட்டனைப் போடுவதற்குள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "பம்பிங் எவ்வளவு தம்பி?" 30 என்றோ 25 என்றோ சொன்னால், சிலர் உடனே போனை எடுத்து ஒரு விளம்பரத்தைக் காட்டுவார்கள். பாங்காக் என்றிருக்கும், டோக்கியோ என்றிருக்கும். வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்பார். கீழே கொட்டை எழுத்தில் "இதயத்தின் பம்பிங் 28-லிருந்து 36". அந்த ஸ்டெம் செல்லை, அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்லை, போய்ப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்பார்கள்.

இதை டாக்டரிடம் கேட்கக் கூச்சம், திட்டுவாரோ என்று பயம். என்னிடம் கேட்பது சுலபம். அப்படிக் கேட்பவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இன்றைய நிலையில், காசு கட்டி இதயத்துக்கு ஸ்டெம் செல் போட்டுக்கொள்ள வெளிநாடு போக வேண்டாம். ஆனால் நான் வேண்டாம் என்றதும் எல்லாரும் நின்றுவிடுவதில்லை. நிற்காதவர்களுக்கும் சேர்த்துத்தான் இது.

பம்பிங் என்கிற எண்

இடது கீழறையில் நிரம்புகிற ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியே போகிறது என்பதுதான் பம்பிங். 120 மில்லி நிரம்பி 70 மில்லி வெளியே போனால் 58 சதவீதம். 55-க்கு மேல் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை. 40-ம் அதற்குக் கீழும் போனால் பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்பு என்கிறார்கள்.

அந்த எண் எப்படி வருகிறது என்பதைப் பலரும் கேட்பதில்லை. படத்தை நிறுத்தி, அறை நிரம்பியிருக்கும் நொடியிலும் சுருங்கியிருக்கும் நொடியிலும் அதன் உள்சுவர் ஓரமாக நான் கையால் கோடு வரைகிறேன். இரண்டு கோணங்களில் இப்படி வரைந்ததும் மெஷின் கணக்குப் போட்டுத் தருகிறது. உள்சுவர் என்பது திரையில் ஒரு தெளிவான கோடு இல்லை, சாம்பல் நிறத்தில் கலங்கலாகத் தெரியும். உடல் பருமனானவர், நுரையீரல் குறுக்கே வருகிறவர், துடிப்பு தாறுமாறாக இருப்பவர் என்றால் இன்னும் கஷ்டம். ஒரே ஆளை இன்று நானும் நாளை என் சக ஊழியரும் எடுத்தால் ஐந்து புள்ளி வித்தியாசம் வருவது சாதாரணம், சில சமயம் அதற்கு மேலும் வரும். அதாவது, 28-லிருந்து 34 ஆவதற்குச் சில சமயம் கை மாறினாலே போதும், ஸ்டெம் செல் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. விருதுநகர் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ஒருவர், வெளிநாட்டில் ஸ்டெம் செல் போட்டுக்கொண்டு, முன்னும் பின்னும் எடுத்த எக்கோ படங்களை சி.டி.யில் கொண்டு வந்தார். ரிப்போர்ட்டில் பம்பிங் நன்றாக ஏறியிருந்தது. படத்தை ஓடவிட்டேன். 'முன்' படத்தில் இதயத்தின் கூர்முனை வரை முழுதாகத் தெரிந்தது. பழைய மாரடைப்பில் செத்துப்போன தசை அந்த முனையில்தான், அசையாமல் மெலிந்து கிடந்தது. 'பின்' படத்தில் புரோப் ஒரு விலா எலும்பு மேலே இருந்திருக்க வேண்டும். அறை குட்டையாக, உருண்டையாகத் தெரிந்தது. முனை படத்திலேயே இல்லை. அசையாத பகுதியை விட்டுவிட்டு அசைகிற பகுதியை மட்டும் அளந்தால் பம்பிங் ஏறத்தானே செய்யும்! வேண்டுமென்று செய்தார்களா, கவனக்குறைவா என்று என்னால் சொல்ல முடியாது. நான் எடுத்த படத்தில் முனையும் வந்தது, பழைய எண்ணும் வந்தது. "அப்ப மாடி ஏறும்போது மூச்சு வாங்குறது குறைஞ்சிருக்கே?" என்று கேட்டார். குறைந்ததும் உண்மைதான். போய்வந்த பிறகு உப்பைக் குறைத்திருந்தார், சிகரெட்டை விட்டிருந்தார், மாத்திரையை நேரத்துக்குப் போட்டார்.

ஒழுங்காக நடக்கிற ஆய்வுகளில் இதற்காகவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. யாருக்கு உண்மையான செல் போனது, யாருக்கு வெறும் ஊசி போனது என்று தெரியாத ஒருவர் வேறிடத்தில் உட்கார்ந்து படங்களை அளப்பார். 2014-ல் லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் இதயத்துக்கு எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் கொடுத்த 49 ஆய்வுகளை எடுத்து, அவற்றின் கட்டுரைகளில் முன்னுக்குப் பின் முரணான எண்களைத் தேடினார்கள். முரண்பாடு அதிகமான ஆய்வுகளில்தான் பம்பிங்கும் அதிகமாக ஏறியிருந்தது. முப்பதுக்கு மேல் முரண்பாடு உள்ளவற்றில் சராசரியாக 7.7 புள்ளி ஏற்றம். ஒரு முரண்பாடுகூட இல்லாதவற்றில் ஏற்றமே இல்லை. என் மாதிரி அளக்கிறவர்கள் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய செய்தி இது.

இதுவரை தெரிந்தது

இதயத் தசை தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது மிக மெதுவாக. ஸ்வீடனில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கார்பன்-14-ஐ வைத்து இதைக் கணக்கிட்டது. 25 வயதில் வருடத்துக்கு 1 சதவீதம் தசைச் செல்கள் புதிதாக வருகின்றன, 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. பெரிய மாரடைப்பு ஒன்றில் சாகக்கூடிய தசைச் செல்களோ 100 கோடி. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஸ்டெம் செல்.

2001-ல் பியரோ அன்வெர்சா என்ற ஆராய்ச்சியாளரின் குழு, எலும்பு மஜ்ஜைச் செல் எலியின் இதயத்தில் தசையாக மாறுகிறது என்று எழுதியது. உலகமே பரபரப்பானது. 2004-ல் வேறு இரண்டு குழுக்கள் செய்து பார்த்தபோது அப்படி எதுவும் நடக்கவில்லை. 2018-ல் ஹார்வர்டும் பிரிகாம் மருத்துவமனையும் அவருடைய கூடத்திலிருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறச் சொல்லி இதழ்களைக் கேட்டுக்கொண்டன. அந்தக் கருத்தை நம்பி மனிதர்களிடம் செய்யப்பட்டு 2011-ல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வும் 2019-ல் திரும்பப் பெறப்பட்டது. கிளினிக் அனுப்புகிற பி.டி.எஃப்.பில் 2011, 2012 என்று பழைய கட்டுரைகளே வரிசையாக இருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள்.

பெரிய ஆய்வுகளைப் பார்ப்போம். ஐரோப்பாவில் பாமி என்ற ஆய்வு மாரடைப்பு வந்த 3000 பேரைச் சேர்க்கத் திட்டமிட்டு, 375 பேரோடு நின்றது. செல் கொடுத்தால் உயிரிழப்பு குறைகிறது என்று அதிலிருந்து காட்ட முடியவில்லை. வட அமெரிக்காவில் 537 பேருக்குச் சிகிச்சை கொடுத்து நடந்த ட்ரீம்-ஹெச்.எஃப். ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இதயச் செயலிழப்பு முற்றி மறுபடி மறுபடி ஆஸ்பத்திரிக்கு வருவது குறையவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்த மாதிரி தெரிந்தது, அதிலும் ரத்தத்தில் அழற்சி அதிகம் உள்ளவர்களிடம். ஆனால் ஆய்வு கண்டுபிடிக்கக் கிளம்பியது அதை இல்லை. அதைத் தனியாக இன்னொரு ஆய்வில் உறுதிசெய்தாக வேண்டும். விளம்பரக்காரர்கள் இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்வார்கள்.

உள்ளே செலுத்திய செல்களில் பெரும்பாலானவை சில நாட்கள்கூட இதயத்தில் தங்குவதில்லை என்பதும் தெரிந்த விஷயம். கையில் டிரிப்ஸாக ஏற்றினால் பெரும்பகுதி முதலில் நுரையீரலிலேயே மாட்டிக்கொள்கிறது. ஆகவே "டிரிப்ஸ்தான் சார், வலியே இருக்காது, சாயங்காலமே ஷாப்பிங் போகலாம்" என்று யாராவது சொன்னால், வலி இருக்காது என்பது வரைக்கும் நம்பலாம்.

நம்பிக்கை தருகிற வேலையும் நடக்கிறது, அதை மறைக்கவில்லை. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எஸ். செல்லிலிருந்து (சாதாரணச் செல்லை ஆய்வகத்தில் ஸ்டெம் செல்லாக மாற்றியது) இதயத் தசையை மெல்லிய ஏடாக வளர்த்து, 2020 ஜனவரியில் முதல் நோயாளியின் இதயத்தின் மேல் ஒட்டினார்கள். எட்டுப் பேரிடம் செய்து பார்த்துவிட்டு 2025-ல் அரசிடம் அனுமதிக்கு விண்ணப்பித்தார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு ஒட்டுப்போட்ட மாதிரி தசைத் துண்டை இதயத்தில் தைக்கிறது. 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் அது வந்தது. இரண்டுமே நெஞ்சைத் திறந்து செய்வது. உடல் தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தும் கொடுக்க வேண்டும். ஓட்டல் ரூமோடு சேர்த்து பாக்கேஜாக விற்கப்படுவது இது இல்லை.

அதே ஜப்பான் 2015-ல் தொடைத் தசைச் செல்லால் செய்த ஹார்ட்ஷீட் என்ற ஏட்டுக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. பயன் நிரூபிக்கப்படவில்லை என்று 2024-ல் அங்கேயே நிபுணர் குழு முழு அனுமதியை மறுத்தது. அங்கே தவறாமல் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. 2014-லிருந்து நடைமுறையில் உள்ள சட்டப்படி, ஒரு தனியார் கிளினிக் தன் சிகிச்சைத் திட்டத்தைக் குழுவிடம் காட்டி அரசிடம் சமர்ப்பித்துவிட்டு நடத்தலாம். "ஜப்பான் சுகாதார அமைச்சகத்தில் பதிவு பெற்றது" என்ற வாசகம் பொய்யாக இருக்காது. ஆனால் அந்தப் பதிவுக்கு, வேலை செய்கிறது என்று அரசு சோதித்துச் சொன்னதாக அர்த்தம் இல்லை.

விளம்பரத்துக்குப் பதில் எழுதுவது

வாட்ஸ்அப்பில் கேள்விகளைத் தட்டி அனுப்புங்கள். போனில் பேசாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எந்தச் செல்? உங்கள் எலும்பு மஜ்ஜையா, வயிற்றுக் கொழுப்பா, வேறொரு குழந்தையின் தொப்புள்கொடியா? எந்த வழியாக? இதய ரத்தக் குழாயில் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டா, தசைக்குள் ஊசியாகவா, கையில் டிரிப்ஸாகவா? எனக்கு இருப்பது மாரடைப்பால் வந்த செயலிழப்பு (அல்லது தசையே பலவீனமாகி வந்தது), இதே நோய்க்கு நீங்கள் எத்தனை பேருக்குச் செய்து எங்கே வெளியிட்டிருக்கிறீர்கள்? பிறகு, இது சிகிச்சையா, ஆய்வா? ஆய்வு என்றால் பதிவு எண் என்ன?

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். ஒரு நோயாளியின் மகன் துபாயில் இருந்துகொண்டு கேட்டுப் பார்த்தார். அதுவரை ராத்திரி பதினோரு மணிக்கும் நொடியில் பதில் போட்ட 'கோஆர்டினேட்டர்' அம்மாள் இந்தக் கேள்விக்கு மட்டும் மறுநாள் வரை பேசவில்லை. மறுநாள் வந்தது பதிவு எண் இல்லை, "இந்த மாதம் இரண்டு ஸ்லாட்தான் பாக்கி, இப்போது கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடி" என்ற செய்தி. மகன் விஷயம் புரிந்தவர், அதோடு விட்டுவிட்டார்.

பதிவு எண் கொடுத்தாலும் அத்தோடு நம்பிவிடாதீர்கள். அமெரிக்க அரசின் கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் தளத்தில் பதிவாகியிருப்பதால் அரசு அதைச் சரி என்று சொன்னதாக ஆகாது. அந்தத் தளமே அப்படித்தான் எச்சரிக்கிறது. நோயாளியிடம் காசு வாங்கி நடத்தும் 'ஆய்வுகள்' அதில் நிறையப் புகுந்திருக்கின்றன. எண்ணைத் தட்டிப் பார்த்து, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருக்கிறதா, யார் நடத்துகிறார்கள், முடிவு வெளியிட்டார்களா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேல், உண்மையான ஆய்வில் சோதனைச் சிகிச்சைக்கு உங்களிடம் காசு வாங்க மாட்டார்கள். அந்த ஆய்வுகள் வெளிநாட்டுக்காரரைச் சேர்ப்பதும் குறைவு, வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப வரச் சொல்ல வேண்டுமே!

நம் நாட்டு நிலையும் தெரிந்திருக்கட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்றவற்றைத் தவிர மற்ற எந்த ஸ்டெம் செல் சிகிச்சையும் அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே நடக்கலாம். "இந்தியாவில் சட்டம் கடுமை, அதனால்தான் உங்களை அங்கே கூப்பிடுகிறோம்" என்று ஏஜென்ட் சொல்வார். அந்தக் கடுமை எதற்காக வந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

பேட்டி வீடியோக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹவாயின் புகழ்பெற்ற பாடகர் டான் ஹோ 2005 டிசம்பரில் பாங்காக் போய் இதயத்துக்கு ஸ்டெம் செல் போட்டுக்கொண்டார். தெம்பு வந்தது என்றார், மேடையேறிப் பாடினார், செய்திகளில் அடிபட்டது. அடுத்த வருடம் பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருந்தது. 2007 ஏப்ரலில் இதயச் செயலிழப்பால் 76 வயதில் இறந்தார். சிகிச்சையால் இறந்தார் என்று நான் சொல்லவில்லை, அவருடைய நோய் அப்படிப்பட்டது. ஆனால் வீடியோ எடுக்கப்படுவது எப்போதும் முதல் சில மாதங்களில்தான். அதற்கப்புறம் கேமரா வருவதில்லை.

பாஸ்போர்ட்டுக்கு முன்னால்

வெளிநாட்டு விளம்பரத்தோடு வருகிற நோயாளியிடம் நான் முதலில் கேட்பது மாத்திரைச் சீட்டைத்தான். பம்பிங் குறைந்த செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்துகள் சேர்த்துக் கொடுக்கிறார்கள்: பீட்டா பிளாக்கர், சாக்குபிட்ரில்-வால்சார்டான், ஸ்பைரனோலாக்டோன் வகை, அப்புறம் சர்க்கரை மாத்திரையாக வந்து இதயத்துக்கும் நல்லது என்று நிரூபணமான டாபாகிளிஃப்ளோசின் வகை. உயிரைக் காப்பாற்றுகிறது என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துக் காட்டப்பட்டவை இவை. சாக்குபிட்ரில் 2023-ல் காப்புரிமை முடிந்த பிறகு நம்மூரில் பல கம்பெனிகள் செய்ய ஆரம்பித்து விலையும் இறங்கிவிட்டது. பல பேருடைய சீட்டில் நான்கும் இருக்காது. இருந்தாலும் ஆரம்ப டோஸிலேயே வருடக்கணக்கில் நிற்கும். தலைசுற்றல், பிரஷர் இறங்குவது, பொட்டாசியம் ஏறுவது என்று நியாயமான காரணம் இருக்கலாம். காரணமே இல்லாமல் யாரும் கவனிக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். டாக்டரிடம் "நாலு மருந்தும் எனக்கு இருக்கா, டோஸ் ஏத்த முடியுமா?" என்று நேராகக் கேளுங்கள். முழு டோஸ் ஏறி மூன்று மாதம் கழித்து எக்கோ எடுத்தால் 25-ல் இருந்தவர் 38, 40 என்று வருவதை நான் என் கையாலேயே அளந்திருக்கிறேன். விசா இல்லை, விமானம் இல்லை.

அடுத்து ஈ.சி.ஜி.யைக் காட்டி, இதயத்துக்குள் மின்சாரம் ஓடும் பாதையில் இடது பக்கம் தடை இருக்கிறதா, சி.ஆர்.டி. என்கிற மூன்று ஒயர் பேஸ்மேக்கர் பலன் தருமா என்று கேளுங்கள். பொருத்தமானவர்களுக்கு அது செய்கிற மாற்றத்தை எக்கோவில் பார்க்கும்போது எனக்கே சந்தோஷமாக இருக்கும், இரண்டு பக்கச் சுவரும் முன்னும் பின்னுமாகத் துடித்தவை ஒன்றாகச் சுருங்கும். துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுத்து திடீர் மரணத்தைத் தடுக்கும் ஐ.சி.டி. கருவி வேண்டுமா என்பதும் கேட்க வேண்டியது. அடைப்பு இருந்தால், அசையாத தசை செத்ததா அல்லது ரத்தம் போதாமல் உறங்குகிறதா என்று எம்.ஆர்.ஐ. அல்லது பெட் ஸ்கேனில் பார்க்கலாம். ரத்தத்தில் இரும்புச் சத்து குறைவா என்று ஒரு சின்னப் பரிசோதனை. குறைவு என்றால் ஊசியாக ஏற்றினால் மூச்சு வாங்குவது குறையும்.

இதெல்லாம் தாண்டியும் முற்றிய நிலை என்றால் மாற்று இதயம் பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டான் வழியாகத்தான் வரிசை. அனுமதி பெற்ற மருத்துவமனையில் பரிசோதித்துப் பதிவு செய்வார்கள். வெளிநாட்டுக் கிளினிக்குக்கு அலைகிற மாதங்களில் அந்த வரிசையில் நிற்கும் காலம் வீணாகிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

சரி, போவதென்றே முடிவு

யாரிடம் மறைத்தாலும் உங்கள் இதய டாக்டரிடம் மறைக்காதீர்கள். கோபப்பட்டால் படட்டும். காரணம் இருக்கிறது. மஜ்ஜை எடுக்கவோ கொழுப்பு எடுக்கவோ முன்பு "ரத்தம் உறையாத மாத்திரையை ஒரு வாரம் நிறுத்துங்கள்" என்று கிளினிக்கிலிருந்து செய்தி வரும். ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆனவர் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் உள்ளேயே அடைத்துக்கொண்டு மாரடைப்பு வரலாம். செயற்கை வால்வு உள்ளவர் வார்ஃபரினை நிறுத்துவதும் அதே ரகம். நிறுத்தலாமா என்பதைச் சொல்ல வேண்டியவர் உங்களை முழுதாகத் தெரிந்த டாக்டர். கதீட்டர் வழியாகச் செய்வதென்றால் சாயம் செலுத்துவார்கள், சிறுநீரகம் பலவீனமாகி கிரியேட்டினின் அதிகம் உள்ளவர்கள் அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

போகிற இடத்தில் கதீட்டர் வேலை செய்கிற கேத் லேபும் ஐ.சி.யு.வும் அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். தசைக்குள் ஊசி போட்டால் துடிப்பு தாறுமாறாகப் போகலாம், சுவரில் ஓட்டை விழலாம். வணிக வளாகத்தின் நான்காவது மாடியில் இருக்கிற கிளினிக்கில் அப்படி நடந்தால் யார் பார்ப்பது? ஆம்புலன்ஸில் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், அங்கே யார் காசு கட்டுவது, இதையும் எழுத்தில் வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு திட்டமிட்டுப் போகும் சிகிச்சைக்கும் அதன் பின்விளைவுக்கும் பணம் தராது.

பணம் கட்டுவது வங்கி வழியாக, மருத்துவமனையின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். ஏஜென்டின் சொந்தக் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலிருந்து தனிநபர் ஒரு நிதியாண்டில் அனுப்பக்கூடியது பொதுவாக 2,50,000 டாலர் வரை. வங்கியில் ஏ2 படிவமும் பான் எண்ணும் கேட்பார்கள். 10 லட்சத்தைத் தாண்டினால் வரி பிடித்துக்கொண்டு அனுப்புவார்கள், அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். வீட்டை அடமானம் வைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இதற்காக வைக்காதீர்கள் என்று கெஞ்சித்தான் சொல்கிறேன்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல, கொடைக்கானலுக்கு ஏறினாலே மூச்சு வாங்குகிறவருக்கு அங்கேயும் வாங்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குபவர், சமீபத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர் ஏறவே கூடாது. மற்றவர்கள் டாக்டரிடம் பயணத் தகுதிக் கடிதம் வாங்கி, விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாத்திரைகள் அட்டையோடு, சீட்டோடு கைப்பையில், திரும்பும் தேதிக்கு மேல் இன்னும் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து. பேஸ்மேக்கர், ஐ.சி.டி. உள்ளவர்கள் அதற்கான அட்டையை பாஸ்போர்ட்டோடு வையுங்கள். நிறையப் பேர் செய்கிற ஒரு காரியம்: பாத்ரூமுக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டு நீர் மாத்திரையை அன்றைக்கு விட்டுவிடுவது. விடாதீர்கள். நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்குங்கள், எழுந்து நடப்பது காலில் ரத்தம் கட்டாமல் இருக்கவும் நல்லது. பேச்சும் தெம்பும் உள்ள ஒருவர் கூட வர வேண்டும், மனைவியோ மகனோ, யாராக இருந்தாலும் உங்கள் மாத்திரைப் பெயர்களைச் சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில், முந்தின நாளே கையில் இருக்க வேண்டும். படுக்கையில் படுக்கவைத்துவிட்டு நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். செல் வந்த சீசாவின் பேட்ச் எண், எத்தனை செல், அதில் எத்தனை சதவீதம் உயிரோடு இருந்தது, கிருமி இல்லை என்ற பரிசோதனை முடிவு, இந்த நான்கும் உள்ள காகிதத்தின் நகலை வாங்காமல் ஊருக்குத் திரும்ப வேண்டாம். இது நாளைக்கு உங்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிற டாக்டருக்கான காகிதம்.

திரும்பி வந்த பிறகு

காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் சிவப்பு, ஆறாத கட்டி, இவற்றில் எது வந்தாலும், மாதங்கள் கழித்து வந்தாலும், டாக்டரிடம் "ஸ்டெம் செல் போட்டேன்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மெக்சிகோவில் வெவ்வேறு கிளினிக்குகளில் ஸ்டெம் செல் ஊசி போட்டுக்கொண்ட அமெரிக்கர்கள் மூவருக்கு, காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று தொற்றியதாக 2024-ல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தெரிவித்தது. சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்குக் கேட்காது, மாதக்கணக்கில் மருந்து வேண்டும், அதைத் தேடிப் பரிசோதித்தால்தான் தெரியும். பக்கவாதத்துக்காகப் பல நாடுகளில் முதுகுத்தண்டில் செல் போட்டுக்கொண்ட ஒருவருக்கு அங்கேயே வேறொருவர் செல்லிலிருந்து கட்டி வளர்ந்ததை 2016-ல் மருத்துவ இதழில் எழுதினார்கள். இதயத்தில் போட்டவர்களுக்கு இவை வரும் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் சொல்லாவிட்டால் எந்த டாக்டரும் அதை யோசிக்க மாட்டார்.

மாத்திரையை ஒன்றுகூட நிறுத்தாதீர்கள். "இனிமே பாதி போதும்" என்று வெளிநாட்டுக் கிளினிக் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். தினமும் காலையில் ஒன்றுக்குப் போய்வந்து, சாப்பிடும் முன் எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் தண்ணீர் தேங்குகிறது என்று அர்த்தம், டாக்டருக்கு போன் போடுங்கள்.

கடைசியாக என் வேலை சம்பந்தப்பட்டது. கிளம்பும் முன் ஓர் எக்கோ, திரும்பி மூன்றாவது மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதத்தில் ஒன்று, மூன்றும் ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே மெஷினில், ஒரே ஆள் கையால். வெறும் ரிப்போர்ட் போதாது, ஓடும் படங்களை சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள், தர மாட்டேன் என்று சொல்ல முடியாது. இதய டாக்டருக்கு எல்லாமே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எக்கோ எடுப்பவர் அளந்து முடித்து எண்ணை எழுதும் வரைக்கும் ஸ்டெம் செல் கதையையும் பழைய பம்பிங்கையும் அவரிடம் சொல்லாதீர்கள். நானாகவே இருந்தாலும் சொல்லாதீர்கள். எழுதி முடித்ததும் பழைய சி.டி.யைக் கொடுத்து, "இதோட ஒப்பிட்டுப் பாருங்க" என்று கேளுங்கள்.